நடந்து போறவர் மீது வண்டி மோதினால்... எஃப்ஐஆர் போட்டா மட்டும் இழப்பீடு கிடைச்சிடுமா?

கடைக்குப் போய்விட்டு சாலையைக் கடக்கிறீர்கள். வேகமாக வந்த பைக் மோதி கால் எலும்பு முறிகிறது. கூட்டம் கூடியதும், "கேஸ் எல்லாம் வேண்டாம்ணே, செலவுக்கு வச்சுக்கங்க" என்று ஓட்டி வந்தவர் 5,000 ரூபாயைக் கையில் திணிக்கிறார். பலரும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆபரேஷன், பிளேட், 3 மாதம் வேலைக்குப் போக முடியாத நிலை என்று செலவு ஏறும்போது அவர் போன் சுவிட்ச் ஆஃப்!

போலீசுக்குப் போனவர்கள் செய்யும் தவறு வேறு. "எஃப்ஐஆர் போட்டாச்சு, பணம் தானா வரும்" என்று இருந்துவிடுவது. எஃப்ஐஆர் என்பது குற்ற வழக்கு. பிஎன்எஸ் 281, 125 பிரிவுகள் பாயும். கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் ஓட்டுநர் கட்டும் அபராதம் பொதுவாக அரசுக்குத்தான் போகும்.

உங்களுக்கான பணம் வர வேண்டிய இடம், மோட்டார் வாகன விபத்து இழப்பீடு தீர்ப்பாயம். மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் மனு போட வேண்டும். போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டுதான். அதை நம்பி சும்மா இருந்துவிடாதீர்கள். விபத்து சென்னையில் நடந்திருந்தாலும் சொந்த ஊர் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

கெடு 6 மாதம். இதை எதிர்த்த வழக்கில், தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது இடைக்கால உத்தரவு மட்டுமே என்பதால், 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

மருத்துவச் செலவு மட்டுமல்ல. இழந்த சம்பளம், வலி, நிரந்தர ஊனத்தால் இனி குறையப்போகும் வருமானம் எல்லாவற்றையும் கேட்கலாம். வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இருந்தால் நிறுவனம் தரும். இல்லையென்றால் வாகன உரிமையாளர்தான் தர வேண்டும்.

"அவர் திடீர்னு குறுக்கே வந்துட்டார்" என்பதுதான் இன்சூரன்ஸ் தரப்பின் வழக்கமான வாதம். தீர்ப்பாயம் அதை ஏற்றாலும் இழப்பீடு மொத்தமாகப் போய்விடாது. உங்கள் தவறின் பங்குக்கு ஏற்பக் குறையும். அதனால்தான் ஆதாரம் முக்கியம். பக்கத்துக் கடை சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்துவிடலாம், உடனே கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியில் 'விபத்து' என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். அவசரத்தில் 'கீழே விழுந்தார்' என்று சொல்லிவிட்டால் பின்னால் சிக்கல். ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பினால் திருப்தி அடையாதீர்கள். எஃப்ஐஆர் காப்பி வேண்டும்.

யார் மீது தவறு என்றே பார்க்காமல், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் தரும் 164-வது பிரிவும் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிவிட்டால் 166 மனு காலாவதியாகிவிடும். பெரிய காயம் என்றால் வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டதா? அதற்கும் அரசுத் திட்டம் உண்டு: கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். இதற்கு வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி எண் 15100.