வேலியைக் கேள்வி கேட்பது யார்?

2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. செத்தவர்களில் கண்ணமங்கலம் பக்கத்துக் கூலிகளும் ஜவ்வாது மலைவாசிகளும் உண்டு. விசாரித்தது யார்? ஆந்திர அரசு தன் போலீசை வைத்தே அமைத்த குழு! மரம் வெட்டுவது குற்றம்தான். அதற்குத் தண்டனை தோட்டாவா?

"சட்டம் இருக்கிறதே" என்பார்கள். வாச்சாத்தியிலும் சட்டம் இருந்தது. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறையும் போலீசும் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். 1995-ல் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. அதன் பிறகே 2011-ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023-ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வெளியார் விசாரித்ததால் கிடைத்த நீதி அது.

அதே 2023-ல் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். காடுகளைக் கண்காணிக்க 2002-ல் உச்சநீதிமன்ற உத்தரவால் உருவானது மத்திய அதிகாரக் குழு. அது செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் போய்விட்டது. குழுவின் பரிந்துரையை அரசு ஏற்காவிட்டால், காரணத்தை எழுதி வைத்தால் போதும். அரசின் முடிவே இறுதி. காட்டை அழிக்க அனுமதி தருவதும் அமைச்சகம், அதைக் கண்காணிக்கும் குழுவை நியமிப்பதும் அமைச்சகம்!

கேட்பது பெரிதல்ல. வனத்துறைக்கும் அமைச்சகத்துக்கும் கட்டுப்படாத ஒரு குழு. அதில் மலைவாசிகளுக்கும் இடம். அதன் அறிக்கைகள் தமிழில், எல்லோர் பார்வைக்கும். நேர்மையான அதிகாரி இதற்கு ஏன் பயப்பட வேண்டும்?