நாணயமும் பட்டத் தேதியும்

தமிழிலே 'நாணயம்' என்னுஞ் சொல் இரு பொருள்படும். கையிலே புழங்குங் காசுக்கும் அதுவே பெயர். நெஞ்சிலே நிற்கும் நேர்மைக்கும் அதுவே பெயர். பொருளைக் கையாளுவோன் பொய் சொல்லலாகாதென்பதை நம் முன்னோர் அச்சொல்லினுள்ளேயே பொதிந்துவைத்தனர் போலும். ஆங்கிலேயர் வழங்கும் 'கிரெடிட்' என்னுஞ் சொல்லும் நம்புதல் எனப் பொருள்படும் லத்தீன் வினையினின்றே பிறந்தது. ஆகவே, நிதித் தொழிலிற் புக விரும்பும் நம் மாணவர், அத்தொழிலின் வாயிற்படியிலேயே எதிர்ப்படும் ஒரு சோதனையைக் குறித்துச் சிறிது சிந்தித்தல் தகும்.

நியூயார்க், லண்டன் முதலிய நகரங்களிலுள்ள பெரிய முதலீட்டுப் பாங்கிகள், கோடைகாலத்தில் ஏறத்தாழ 10 வாரம் மாணவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். இதனை 'இன்டர்ன்ஷிப்' என்பர். பட்டம் பெறுவதற்கு இன்னும் ஓராண்டு எஞ்சியிருப்போருக்கே இது பெரும்பாலும் உரியது. பயிற்சியில் தேறினவருக்கு அடுத்த ஆண்டில் நிலையான உத்தியோகம் அளிப்பதே அப்பாங்கிகளின் நோக்கமாதலின், விண்ணப்பத்தில் எத்தனை கேள்விகள் இருப்பினும், பட்டம் பெறும் மாதமும் ஆண்டும் யாவை என்னுங் கேள்வியே வாயில் காப்போன்போல் முன்னிற்கின்றது. மேற்படிப்பை நாடி அந்நாடுகளுக்குச் செல்லும் நம்மவரும் இதற்கு விடையளிக்க வேண்டியவரே.

சோதனை இங்கேதான் தொடங்குகிறது. ஓராண்டு முன்னதாகவோ பின்னதாகவோ பட்டம் பெறவிருக்கும் ஒருவர், ஓர் இலக்கத்தை மாற்றினாற் கதவு திறக்குமே என்று எண்ணுகின்றார். "எதிர்பார்க்கும் தேதியைத்தானே கேட்கிறார்கள், எதிர்பார்ப்பு மாறக்கூடாதா?" என்று வாதிக்கின்றார். மாறலாம், ஐயமில்லை. நோயினாலோ, குடும்பக் கஷ்டத்தினாலோ, 'அரியர்' என்று நாம் வழங்கும் தவறிய பாடங்களினாலோ தேதி தள்ளிப்போவதுண்டு. தாம் மெய்யாகவே நம்பும் தேதியை எழுதி, பின்னர் அது மாறுமாயின் உடனே அறிவிப்பவர் பொய்யரல்லர். தாமே நம்பாத தேதியை எழுதுபவரோ, தம் எதிர்பார்ப்பை எழுதவில்லை. பாங்கியின் விருப்பத்தை எழுதுகின்றார்.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பீராள் என்போரின் வரலாற்றை நாம் அறிவோம். நிலம் விற்ற கிரயத்தில் ஒரு பங்கைத் தமக்கென வைத்துக்கொண்டது அவர்கள் குற்றமன்று. பங்கை முழுமையென்று காட்டியதே குற்றம். அதுபோலவே, ஓராண்டு பிந்துவது இழிவன்று. பிந்தியதை மறைப்பதே இழிவாம்.

அகப்படுவோமென்ற அச்சத்தினால் மெய் பேசுதல் உயர்ந்த அறமாகாது. எனினும் உலக நடையை அறிந்திருத்தல் நன்று. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற 'நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ்' என்னும் ஸ்தாபனத்தின் வாயிலாக, ஒருவர் பட்டம் பெற்ற தேதியை உத்தியோகம் அளிப்போர் எளிதிற் சரிபார்க்கின்றனர். பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையமோ, பொறுப்பான பதவிகளில் அமர்வோரின் தகுதியை ஆராயுங்கால், நேர்மையையும் நற்பெயரையும் தலைமையான அளவுகோல்களுள் வைத்திருக்கின்றது. திறமைக் குறைவைப் பயிற்சியாற் போக்கலாம். இழந்த நம்பிக்கையை எப்பயிற்சியாற் போக்குவது? மேலும், பொய்த் தேதியாற் பெற்ற இடம் எவருக்கும் உரியதாகாமற் கிடந்த இடமன்று. மெய்யெழுதி வரிசையிற் காத்துநின்ற வேறொரு மாணவருடையது.

இவ்விதி சிலரை வருத்துகிறதென்பதையும் மறுப்பதற்கில்லை. வறுமையினாலோ பிணியினாலோ ஓராண்டை இழந்தவருக்கு அடைபட்ட கதவு கொடிதாகவே தோன்றும். ஆயினும், கதவைத் தட்டுதல் வேறு. சுவரேறிக் குதித்தல் வேறு. தம் நிலையை விளக்கி, விலக்குண்டோ என்று பாங்கிக்கே எழுதிக் கேட்கலாம். சர்வகலாசாலையின் அனுமதியுடன் படிப்பை ஒரு பருவம் நீட்டிக்கொண்டால், புதிய தேதியே மெய்யான தேதியாகிவிடும். ஆசிரியராகிய நாமும், மாணவர் மீதுள்ள பரிவினால் பிழையான தேதிக்கு நற்சாட்சி எழுதாதிருத்தல் வேண்டும். அப்பரிவை, அவருக்காக நாமே பாங்கிக்கு எழுதிப் பரிந்து பேசுவதிற் காட்டுவோமாக.

பிறர் பணத்தைக் காக்கப் போகின்றவர், முதன்முதலிற் காக்கவேண்டியது தம் சொல்லையே. காசாகிய நாணயம் போனால் மீண்டும் வரும். மற்றை நாணயம் போனால் மீள்வது அரிது.