‘குடிமக்கள்’ என்னும் சொல்லுள் பெண் இல்லையோ?

ஒருவரின் உரிமையைப் பறிக்க எப்போதும் வாளும் வேலும் வேண்டுவதில்லை. சட்டத்திலுள்ள ஒரு சொல்லுக்கு ஆள்வோர் தம் விருப்பம்போற் பொருள் கொண்டாலே போதும். நடு அமெரிக்கச் சிறுநாடாகிய எல் சால்வதோரில் இவ்வுண்மையை நாடறியச் செய்தவர் புருதென்சியா அயாலா என்னும் எழுத்தாளர்.

1885-ஆம் ஆண்டு, சொன்சொனாத்தேப் பகுதியிற் பழங்குடி மரபிற் பிறந்தவர் அவர். வறுமையால் இரண்டாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றது. தையல்தொழில் வயிற்றைக் காத்தது. எஞ்சிய கல்வியைத் தாமே தேடிக்கொண்டார். 1913 முதற்கொண்டு செய்தித்தாளில் எழுதலானார். பெண்ணுரிமையும் நடு அமெரிக்க நாடுகளின் ஒற்றுமையும் வல்லரசு எதிர்ப்புமே அவர்தம் எழுத்தின் உயிர். 1919-இல் அத்திக்கிசாயா நகரத் தலைவரைக் குறைகூறியதற்காகச் சிறைப்பட்டார். பின்னர்க் குவாத்தமாலா சென்றவரை, ஆட்சிக் கவிழ்ப்புக்குத் துணைபோனாரென்று பழிசுமத்தி அந்நாட்டாரும் சிறையிலிட்டனர்.

‘பித்தி’ என்று அவரை எள்ளினோர் பலர். 1925-இல் தாம் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அச்சொல்லை வைத்து, எள்ளினோர் வாயை அடைத்தார் அயாலா. மகளிர் மீட்சி எனப் பொருள்படும் பெயரில் இதழொன்றும் நடத்தினார்.

1930-இல், பெண்கள் ஒப்போலை இடவும் விடப்படாத அந்நாட்டில், குடியரசுத் தலைவர் பொறுப்புக்கே போட்டியிட முன்வந்தார். ஆட்சியில் நேர்மை, தொழிலாளர் கழகங்களுக்கு ஆதரவு, சாராயக் கட்டுப்பாடு, சமய உரிமை, மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்த குழந்தைகளுக்கு ஏற்பு ஆகியன அவர்தம் திட்டங்கள். நாட்டின் நோய்களை நன்கறிந்த ஒருவரின் திட்டங்கள் இவை. பித்தியின் உளறல்கள் அல்ல.

1886-ஆம் ஆண்டு அரசமைப்பு, 18 அகவை கடந்த சால்வதோர் நாட்டார் அனைவரும் குடிமக்கள் என்றது. ஆடவர் மட்டுமே என்று அது கூறவில்லை. ஆயினும், அச்சொல் பெண்டிரைக் குறிக்காதென்று பொருள்கொண்டு அவரைத் தள்ளினர். தலைமை முறைமன்றமும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. அறிஞர் அல்பெர்த்தோ மசுபெரர் போன்ற மிகச் சிலரே அவர் பக்கம் நின்றனர்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. நகரத் தலைவரைக் குறைகூறியபோது அயாலா சட்டத்திற்கு உட்பட்டவர். ஆளும் உரிமை கேட்டபோது மட்டும் அச்சட்டத்திற்குப் புறம்பானவரோ? தண்டிக்கும்போது பெண்ணை உள்ளடக்கும் சொல், உரிமை வழங்கும்போது அவளை வெளித்தள்ளுமாயின், குற்றம் சொல்லினுடையதன்று, பொருள் கொள்வோருடையது. சட்டம் பயின்றோர் காண மறுத்ததை, இரண்டாம் வகுப்பே படித்த தையற்காரி கண்டார்.

அடுத்து வந்தது இருள். 1931-ஆம் ஆண்டின் இறுதியில் படைத்துறை ஆட்சியைப் பற்றியது. 1932 தொடக்கத்தில், அயாலா பிறந்த பகுதியை உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில், எழுச்சியை ஒடுக்குவதாகக் கூறிப் பல்லாயிரம் பேரைக் கொன்றனர்; அவருட் பெரும்பாலோர் பழங்குடியினர். எஞ்சியோர் அச்சத்தால் தம் நாவத்து மொழியை மறைத்தனர். பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் அஞ்சினர். இன்று அம்மொழி அழிவின் விளிம்பில் நிற்கின்றது. சொல்லின் பொருளைத் தம் உடைமையாக்கிக் கொண்ட ஆட்சி, இறுதியில் ஒரு மொழியின் வாயையே அடைத்தது.

1936-இல் அயாலா மறைந்தார். அகவை, கல்வி முதலிய தளைகளோடு 1939-இலும், முழுமையாக 1950-ஆம் ஆண்டு அரசமைப்பிலும் அந்நாட்டுப் பெண்கள் ஒப்போலை உரிமை பெற்றனர். அயாலா கேட்ட நாளில் புதுச்சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இருந்த சட்டத்தை நேர்மையோடு படித்திருந்தாலே போதும். அவ்வொரு நேர்மை வாராமையால் இருபது ஆண்டுகள் வீணாயின.

சொல்லை விட்டுக்கொடுப்போர் உரிமையையும் விட்டுக்கொடுப்பர். அயாலா தேர்தலில் நிற்கவும் விடப்படவில்லை. ஆயினும் அச்சொல்லை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதுவே அவர் பெற்ற வெற்றி.