பெயருக்கும் ஒரு தோம்பு

காணி ஒன்றை வாங்க எண்ணுபவர், அதில் ஈடோ வில்லங்கமோ உண்டா என்று நொத்தாரிசு மூலம் பதிவுக் கந்தோரில் தேடுவித்த பின்னரே உறுதி முடிப்பது நம்மவர் வழக்கம். தம்முடைய பெயரிலேயே வில்லங்கம் ஏதும் ஏறியுள்ளதா என்று தேடிப் பார்த்தவரை நாம் கண்டதில்லை. சென்ற வருடம் வரை நாமும் பார்த்ததில்லை.

வீட்டுக் கூரையைத் திருத்துவதற்காக வங்கியொன்றிற் கடன் கேட்டிருந்தோம். மூன்று மாத நிலுவை எமது பெயரிற் காணப்படுகின்றது என்று முகாமையாளர் மரியாதையாகவே கூறினார். ஒரு தவணையையேனும் தவறவிட்டறியாத எமக்கு அது பேரிடியாயிற்று. மறுநாளே எமது அறிக்கையைத் தருவித்துப் பார்த்தோம். கடன் எமதன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு பாடங்களுக்கு இடையில், சக ஆசிரியர் ஒருவரின் வாகனக் கடனுக்குப் பிணையாக ஒப்பமிட்டிருந்தோம். அதை நாம் மறந்துவிட்டோம், ஏடு மறக்கவில்லை.

இந்த ஏட்டைப் பேணுவது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். வங்கிகளும் நிதி, லீசிங் கம்பனிகளும் அனுப்பும் விபரங்கள் அங்கே ஒன்றுசேர்கின்றன. ஒருவர் பெற்ற கடன், நின்ற பிணை, பிந்திய தவணை யாவும் அதில் உள. சனங்கள் அதனைக் ‘கறுப்புப் பட்டியல்’ என அஞ்சுகின்றனர். அது தவறு. ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் அங்குண்டு. கடன் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது பணியகமன்று, வங்கியே.

அறிக்கையின் இன்னொரு பகுதி எம்மை வியக்கவைத்தது. எம்மைப் பற்றி எந்த நிறுவனம் எப்போது விசாரித்தது என்பதும் அங்கே பதிவாகியிருந்தது. (விசாரணை என்றதும் பொலிசை நினைக்க வேண்டாம்.) கடன் கேட்டு விண்ணப்பித்தால், அந்த நிறுவனம் பணியகத்திடம் விசாரிக்கும், அதன் சுவடு ஏட்டில் நிற்கும். ஒரே கிழமையில் நாலு கம்பனிகளின் படியேறினால் நாலு சுவடுகள். ஐந்தாமவர் அதைப் பார்த்து, இவருக்கு என்ன நெருக்கடியோ என்று ஐயுறக்கூடும். எம்மை நாமே பார்த்துக்கொள்வதோ கடன் நாடியதாக ஆகாது. நாம் விண்ணப்பியாத நிறுவனத்தின் பெயர் அங்கே காணப்பட்டால், எமது அடையாள அட்டையைப் பிறர் பயன்படுத்தினரோ என்று உடனே தேடவேண்டும். பிழையிருப்பின் அவ்விபரத்தை அனுப்பிய நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுத்தில் அறிவித்தல் நன்று.

தமது அறிக்கையை எவரும் ஒரு கட்டணம் செலுத்திப் பெறலாம். அடையாள அட்டை அவசியம். வங்கிக் கிளையிலே கேட்டால் வழி சொல்வர்.

நண்பரிடம் கோபத்துடனேயே சென்றோம். மனைவியின் சத்திரசிகிச்சைக்கு இருந்த பணமெல்லாம் போய்விட்டதாம், சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். நிலுவையை இருவருமாகக் கட்டினோம். பிந்திக் கட்டிய சரித்திரம் இன்னும் சில காலம் எமது பெயரோடும் நிற்கும். கூரையும் இந்த மாரிக்கு ஒழுகத்தான் செய்தது.

அறிக்கையை வாசித்த எமது இல்லாள், “இன்னும் ஆருக்கேனும் கையெழுத்து வைச்சிருக்கிறியளோ?” என்றார். இன்னொருவருக்கும் வைத்திருந்தோம். அவர் ஒழுங்காகக் கட்டி வருகிறார் என்பதையும் அதே தாளிற் காட்டினோம்.