மச்சான் கையில் கயிறு

செந்தூர் எக்ஸ்பிரஸ் ஞாபகம் இருக்கிறதா? 2023 டிசம்பர் 17. தூத்துக்குடி மாவட்டத்தையே புரட்டிப் போட்டது மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். மீட்புப் படை வந்து சேருவதற்கு முன்னால் வந்து சேர்ந்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள். இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து, முன்பின் தெரியாதவர்களின் பசியாற்றினார்கள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள். 2018. ஸ்டெர்லைட் தாமிர ஆலை வேண்டாம் என்று தூத்துக்குடி மக்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். நூறாவது நாள், மே 22 அன்று, ஊர்வலமாகக் கிளம்பினார்கள். போலீஸ் சுட்டது. 13 உயிர்கள் போயின. அந்த மாதமே அரசு ஆலைக்கு சீல் வைத்தது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஆலைத் தரப்பின் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. ‘மூச்சுவிட நல்ல காற்று வேணும்’ என்று கேட்டதற்கு ஓர் ஊர் கொடுத்த விலை அது.

ஆக, நமக்கு ஒன்றுகூடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளமா, வருவோம். துப்பாக்கியா, அதற்கும் வருவோம். என் சண்டை அதைப் பற்றியது இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நாம் எங்கே போய்விடுகிறோம் என்பதைப் பற்றியது!

ஒன்றும் நடக்காத, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை. தெருமுனையில் குப்பை எரிகிறது. உள்ளே பிளாஸ்டிக் பை, பழைய செருப்பு, டயர் துண்டு. புகை நேராகப் பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்குப் போகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஜன்னலைச் சாத்துகிறீர்கள். ‘நமக்கேன் வம்பு?’ தூத்துக்குடி, திருநெல்வேலி, தாம்பரம் என்று வித்தியாசமே இல்லை. ஆலைப் புகையை எதிர்த்தால் போராட்டம். எதிர்வீட்டுப் புகையை எதிர்த்தால் வம்பா? நுரையீரலுக்கு அந்தப் புகை, இந்தப் புகை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது சார்!

காற்றை விடுங்கள், உடம்புக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் துணையோடு நாடு முழுக்க நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 14 பேருக்கு மேல். ரத்தக்கொதிப்பு, நாடு முழுக்க நூற்றுக்கு 35 பேருக்கு. வெள்ளம் சத்தம் போட்டுக்கொண்டு வரும். சர்க்கரை அப்படியா வருகிறது? பத்து வருஷம் சத்தமில்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருநாள் கால் விரலைக் கேட்கும். அதற்கு ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம் கூடாது. டி.வி-யில் பிளாஷ் நியூஸ் வராது.

‘எனக்கு அக்கறை இல்லை என்று யார் சொன்னது?’ என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஜனவரி 1-ம் தேதி ஷூ வாங்கினீர்கள். ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினீர்கள். கையில் ஒரு வாட்ச், எத்தனை அடி நடந்தீர்கள் என்று அதுவே எண்ணிச் சொல்லும். பொங்கல் வரைக்கும் எண்ணியது. அப்புறம்? எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் அதுவும் மணி பார்க்க மட்டும் ஆகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? ‘மன உறுதி போதவில்லை’ என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். நான் அதை நம்பவில்லை. உடம்பைத் தனி ஆளாகக் காப்பாற்றிவிடலாம் என்று நமக்கு யாரோ விற்றிருக்கிறார்கள் பாருங்கள், கோளாறு அங்கே இருக்கிறது. ஷூ, பவுடர், வாட்ச், மெம்பர்ஷிப்... எல்லாம் ஒற்றை ஆளுக்கான சரக்கு. பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நடப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. அதனால் அதற்கு விளம்பரமும் இல்லை!

முத்துக்குளித்த கடற்கரையில் போய் இந்தத் ‘தனி ஆள்’ கதையைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனால், அந்த வேலை நடந்த விதம் எல்லோருக்கும் தெரியும். குளிப்பவர், காலில் ஒரு கனத்த கல்லைக் கோத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். ஒரு நிமிஷம் போல மூச்சை அடக்கி, பாரில் இருக்கும் சிப்பிகளை வாரிப் பையில் போடுவார். மேலே தோணியில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து ஒரு சுண்டு. உடனே மேலே இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் பராக்குப் பார்த்தால், கதை முடிந்தது. அதனால்தான் கயிற்றை மச்சான் கையில், அதாவது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கச்சி தாலியை நினைத்தாவது கண்ணை எடுக்க மாட்டானே!

மூச்சு உங்களுடையது. அதை வேறு யாரும் உங்களுக்காக அடக்க முடியாது. ஆனால் கயிறு இன்னொருவர் கையில். இரண்டில் எது இல்லாவிட்டாலும் ஆள் மேலே வர மாட்டார். உங்கள் உடம்புக்கு இன்றைக்குக் கயிறு பிடிப்பவர் யார்? யோசித்துப் பாருங்கள். நீங்கள் யாருக்குப் பிடிக்கிறீர்கள்? அதையும் யோசியுங்கள்.

ஊருக்கு நல்லதாகச் சொல்கிறேனே தவிர, இதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர் ஆய்வில் இருந்த 12,067 பேரை, 32 வருஷக் கணக்கை வைத்து அலசினார்கள். 2007-ல் முடிவு வந்தது. நண்பர் ஒருவர் குண்டானால், நீங்களும் குண்டாகும் வாய்ப்பு 57 சதவிகிதம் கூடுதல்! ‘சேர்க்கையால்தான் இப்படியா, ஒரே மாதிரி ஆட்கள்தான் சேர்ந்துகொள்கிறார்களா?’ என்று நிபுணர்கள் அதற்கப்புறமும் சண்டை போட்டார்கள். போடட்டும். தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்கு ‘நைட் கிளப்’ என்று பேர். அங்கே தனியாகப் போகிறவர் எத்தனை பேர்? ‘வாடே, ரெண்டு பரோட்டா பிச்சுப் போடலாம்’ என்று கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள். ‘வாடே, முத்துநகர் பீச் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்’ என்று கூப்பிட ஒருவரும் இல்லை. பரோட்டா மேல் எனக்குப் பகை கிடையாது. கூப்பிடும் பழக்கம் அதோடு நின்றுவிடுவதுதான் பகை.

‘எல்லாம் அரசாங்கம் செய்யணும்’ என்று இன்னொரு கோஷ்டி உண்டு. செய்யட்டும், செய்ய வைப்போம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கினார்கள். மாத்திரை வாசல் வரைக்கும் வரும். அதை அம்மா விழுங்கினாரா என்று பார்க்க, நீங்கள்தான் உள்ளே போக வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் யோக்கியன் இல்லை. விடிவதற்கு முன்னாலேயே உப்பளத்துக்குப் போய், கொதிக்கும் வெயிலில், கண் கூச, உப்புத் தண்ணீரில் கால் புண்ணாகிற பெண்ணிடம் போய், ‘தினம் அரை மணி நேரம் நடங்கம்மா’ என்று சொன்னால் அது ஆரோக்கியப் பிரசாரம் இல்லை, திமிர். அவருக்கு வேண்டியது குடிதண்ணீர், ஒதுங்க நிழல், கழிப்பறை, சம்பளத்தோடு ஒருநாள் ஓய்வு. அதைக் கேட்பதும் கயிறு பிடிப்பதுதான். அவர் வாரிய உப்பை நாம் சாப்பிடுகிறோம். அளவுக்கு மேலேயே சாப்பிடுகிறோம். ஒருநாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று ஒருவேளையிலேயே நாம் அதை நெருங்கிவிடுகிறோம்!

ஓய்வு என்றதும் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு வானத்திலிருந்து விழுந்தது என்று நினைத்தீர்களா? 1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஊரே தொழிலாளர்களுக்குக் கை கொடுத்தது. வேலைநிறுத்தத்தைக் குறை சொன்னவருக்குப் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிவைத்துவிட்டாராம் நாவிதர். அந்தக் கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. சில நாட்களில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைத்தது. மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது. அப்புறம் வ.உ.சி. ஜெயிலில் செக்கிழுத்தது உங்களுக்கே தெரியும்.

அவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமையை நாம் என்ன செய்கிறோம்? பத்து மணிக்கு எழுந்து, பிரியாணி சாப்பிட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டே படுத்து, மறுபடி எழுந்து ‘சே, ஞாயிறு போச்சே!’ என்கிறோம்.

பெரிய சபதமெல்லாம் வேண்டாம். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பேசிப் பல மாதமான அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ‘அண்ணாச்சி, ஒரு நடை போயிட்டு வருவோமா?’ என்று கேளுங்கள். போகிற வழியில் குப்பை எரிந்தால் இரண்டு பேராக நின்று, ‘வேண்டாம்யா, அணைங்க’ என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால்தான் வம்பு. இரண்டு பேர் சொன்னால் அது ஊர்ப் பேச்சு. திரும்பி வரும்போது, ‘சுகர் பார்த்து எத்தனை நாளாச்சு?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முதல் தடவை வர மாட்டார். ‘முழங்கால் வலி’ என்பார்.

அடுத்த ஞாயிறும் போய்த் தட்டுங்கள்.