ஒட்டுக்கேட்டதால் மட்டும் தோற்ற சண்டை அல்ல

1987 ஒக்டோபர் 11 நள்ளிரவில் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலியில் இறங்கிய கதையை யார் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடிக்கிறார்கள். புலிகள் வோக்கியில் ஒட்டுக்கேட்டுவிட்டார்களாம். இல்லாவிட்டால் தலைமையை அன்றிரவே பிடித்திருப்பார்களாம். றிச்சர்ட் அட்டன்பரோ 1977இல் எடுத்த 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' படத்தைப் பார்த்தவர்களும், இரண்டாம் உலகப் போரில் ஒல்லாந்தின் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்கப்போன நேச நாட்டுப் படைகளின் தோல்விக்கு இதே மாதிரிக் காரணம்தான் சொல்கிறார்கள்: பனிமூட்டம், வேலை செய்யாத வானொலி, கெட்ட நேரம். இரண்டு இடத்திலும் திட்டம் மட்டும் தப்பித்துவிடுகிறது. இதை நான் மறுக்கிறேன்.

ஒட்டுக்கேட்டது உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். கேட்காமல் இருந்திருந்தால் புலிகள் தூங்கிக்கொண்டா இருந்திருப்பார்கள்? மட்டக்களப்பில் தளபதியாக இருந்த குமரப்பாவும் திருகோணமலைத் தளபதி புலேந்திரனும் உட்பட 12 பேர் ஒக்டோபர் 5ஆம் திகதி பலாலியில் சயனைட் கடித்து இறந்திருந்தார்கள். 10ஆம் திகதி சண்டையே தொடங்கிவிட்டது. அதற்கு அடுத்த நாள் இரவு குடாநாட்டில் விழிப்பில்லாத ஒரு சென்றிகூட இருந்திருக்காது. விழித்திருக்கிற எதிரியைத் தூக்கத்தில் பிடிக்கலாம் என்று நம்பியதுதான் முதல் பிழை.

அடுத்தது எண்ணிக்கை. 10ஆவது பரா கொமாண்டோக்கள் 120 பேர், 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையினர் 360 பேர். இவ்வளவு பேரையும் ஒரு சில எம்.ஐ-8 ஹெலிகள் பலாலிக்கும் மைதானத்துக்குமாகத் திரும்பத் திரும்பப் பறந்து இறக்க வேண்டும். அந்த ஹெலியின் இரைச்சல் ஊரையே எழுப்பும். முதல் தடவை இறங்கியதுமே இரகசியம் போய்விட்டது, வோக்கி எதற்கு? சூடுபட்ட ஹெலிகள் மேற்கொண்டு வர முடியாமல் போக, சீக்கியப் படையில் வந்து இறங்கியவர்கள் மேஜர் பிரேந்திர சிங்கோடு 30 பேர் மட்டுமே. மறுநாள் தோட்டா தீரும்வரை அவர்கள் சண்டை பிடித்தார்கள். உயிரோடு பிடிபட்டவர் சிப்பாய் கோரா சிங் ஒருவர்தான். அந்த 29 பேரின் சாவை ஒட்டுக்கேட்டவர்களின் கெட்டித்தனத்தில் போட்டுவிட்டு, அவர்களைத் தவணை முறையில் அனுப்பியவர்களை விட்டுவிடுவது நியாயமா?

1944 செப்டெம்பரில் நடந்ததும் இதுவே. விமானம் போதாமல் ஆர்ன்ஹெமுக்கான படையைப் பல நாட்களாகப் பிரித்து இறக்கினார்கள், அதுவும் பாலத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தள்ளி. ஜேர்மன் தாங்கிகள் அங்கே நிற்பதை வான்படத்தில் காட்டிய உளவு அதிகாரியைச் சுகவீன விடுப்பில் அனுப்பினார்கள். படத்தில் அவருக்கு வேறு பெயர். உண்மையில் அவர் பிரையன் உர்குவார்ட், பின்னாளில் ஐ.நா. அமைதி காக்கும் பணிகளை வளர்த்தெடுத்தவர். அங்கேயும் ஒல்லாந்து இரட்டை உளவாளி ஒருவன் காட்டிக்கொடுத்தான் என்ற கதை உண்டு. தோற்ற படைக்குத் துரோகி ஒருவன் கிடைத்துவிட்டால் தளபதிகளுக்கு நிம்மதி.

ஆர்ன்ஹெம் நடவடிக்கையைத் திட்டமிட்ட பிரித்தானியத் தளபதி மொண்ட்கொமரி அது 90 வீதம் வெற்றி என்றார். எங்கள் ஊரான மாங்கேணியில் இந்தக் கணக்கு எடுபடாது. இங்கிருந்து வாகரைக்கு ஒரே தெரு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. பனிச்சங்கேணிப் பாலம் இல்லையென்றால் அதுவரை வந்த தெருவால் பயனில்லை. 2006 கடைசியில் அந்தத் தெரு அடைபட்டபோது வாகரைச் சனம் காட்டுக்குள்ளால் நடந்துதான் வெளியே வந்தது. ஆர்ன்ஹெமுக்கும் அப்படித்தான்: சுமார் 100 கிலோமீற்றர் ஒற்றைத் தெருவில் தாங்கிகளை வரிசையாக விட்டு, கடைசிப் பாலத்தில் பத்தாயிரம் பேரைக் காத்திருக்க வைத்தது திட்டத்தின் அடிப்படைக் குறை. யாழ்ப்பாணத்திலும் மேலே சில நிமிடத் தூரம், கீழே கண்ணிவெடி. இறங்கிச் சிக்கிக்கொண்ட பரா கொமாண்டோக்களை மீட்கப் போன தாங்கிகள் தெருவை விட்டு ரெயில் பாதையில் போக வேண்டியிருந்தது. நகரைப் பிடிக்க இரண்டு வாரம் எடுத்தது.

போர்ப்படத்தில் சனத்தின் கதையைக் கலந்தால் வீரம் நீர்த்துப்போகும் என்றும் சொல்கிறார்கள். அட்டன்பரோவின் படமே இதற்குப் பதில். காயப்பட்டவர்களுக்குத் தன் வீட்டைக் கொடுத்த கேற் டெர் ஹோர்ஸ்ற், இடிந்துபோன அந்த வீட்டைவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுவதில்தான் அவர் படத்தை முடித்தார். ஆர்ன்ஹெம் முழுவதையும் ஜேர்மனியர் வெளியேற்றினார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒல்லாந்தில் ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான்: கொக்குவிலில் புலிகளின் தலைவரைத் தேடிப்போன அதே நடவடிக்கையில் பிரம்படியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுத்தூபி இருக்கிறது. யாழ்ப்பாணத் தரையிறக்கத்தை யாராவது படமாக்குவதென்றால் கோரா சிங்கும் வேண்டும், பிரம்படியும் வேண்டும், அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த மேசையும் வேண்டும். வோக்கியை மட்டும் காட்டுகிற படத்தை நான் ஏற்கமாட்டேன்.