நின்றால் நடுங்கும் கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பட்டியிலிருந்து அம்மாவின் போன். "அடுத்த தடவ செக்கப்புக்கு நான் பஸ்லயே வந்துருதேன். நீ காரு கொண்டாராத."

தூக்கிவாரிப் போட்டது. கீழே விழுந்து முதுகெலும்பில் விரிசல் விட்டவர். திருவனந்தபுரத்தில்தான் வைத்தியம், மாதம் ஒரு முறை நான் போய்க் கூட்டி வருகிறேன். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். பஸ் என்றால் நெல்லையிலும் நாகர்கோவிலிலும் இறங்கி ஏற வேண்டும். இந்த முதுகை வைத்துக்கொண்டு பஸ்ஸா என்று சத்தம் போட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஓடயில ஒண்ணும் இல்லய்யா. நிக்கயிலதான் உசுரு போகுது."

மூன்று தடவை வந்தவர் ஒரு தடவை கூட வாய் திறக்கவில்லை. மகன் காரைக் குறை சொல்வானேன் என்று இருந்திருக்கிறார்.

வண்டி பத்து வருஷத்து டீசல் ஹேட்ச்பேக். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும், ஏசி போட்டால் சீட்டே தடதடக்கும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் எல்லாம் அடங்கிவிடும். எனக்குப் பழகிவிட்டது. தினம் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதது மாதம் ஒரு முறை ஏறுகிறவருக்குத் தெரிகிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை போனேன். (பெயர் வேண்டாம்.) முதல் முறை, "சாரே, டீசல் வண்டியல்லே, இத்திரி விறயல் காணும்" என்று சொல்லிவிட்டு இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு 4,600 ரூபாய் வாங்கினார்கள். இரண்டாம் முறை கம்ப்யூட்டரை மாட்டி ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழைய குருடி.

பேங்க்காரர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். பழைய கடன் வாராக் கடனாகப் போகிறது என்றால், புதுக் கடன் ஒன்றைக் கொடுத்து அதில் பழையதை அடைத்துக்கொள்வது. எவர்கிரீனிங் என்போம். ஏட்டில் கடன் சுத்தமாகத் தெரியும், உள்ளே அழுகல் அப்படியே இருக்கும். ஐடிலிங்கை ஏற்றி நடுக்கத்தை மறைப்பதும் அதே கணக்குதான். நான் பி.காம்., எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த மோசடி வாடை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் :-)

எங்கள் கிளைக் காவலாளி சொல்லி, கரமனைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனேன். அண்ணாச்சி நாகர்கோவில்காரர். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், ஓடும்போது ஒன்றுமில்லை, நின்றால்தான் என்று. "அப்ப பாதி வேல முடிஞ்சிட்டு சார்" என்றவர் பானெட்டைத் திறந்தார். என்னை உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் போட்டு, முதல் கியரில் கிளட்சைப் பாதி விடச் சொன்னார். அப்புறம் ரிவர்ஸில். அவர் பக்கவாட்டில் நின்றுகொண்டார். (வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கவனிக்க: வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.) எஞ்சின் கட்டிப்போட்ட காளை மாதிரி எகிறியது. மவுண்டிங் ரப்பர் விண்டு, இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு கிடந்தன.

விஷயம் எளிமையானது. எஞ்சினை பாடியோடு நேராக முடுக்குவதில்லை. நடுவில் ரப்பர் ஒட்டிய மூன்று நான்கு தாங்கிகள் இருக்கின்றன. சில வண்டிகளில் உள்ளே திரவமும் இருக்கும், கசிந்துவிட்டால் அதுவும் போச்சு. நாலு சிலிண்டர் எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் நிற்கும்போதே நொடிக்கு 26 தடவைக்கு மேல் உள்ளே வெடிக்கிறது. அந்த உதறலை ரப்பர் விழுங்க வேண்டும். வேகம் கூடினால் உதறல் பொடிப்பொடியாகிவிடும், தளர்ந்த ரப்பர் கூட ஒருவிதமாகச் சமாளிக்கும். நின்றபடி வரும் மெதுவான உதறலில்தான் சாயம் வெளுக்கிறது.

இது ஒன்றும் புது ஞானமல்ல. 1931-இல் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளைமவுத் காரில், நாலு சிலிண்டர் எஞ்சினை ரப்பர் மீது மிதக்கவிட்டு, அதற்கு 'ஃப்ளோட்டிங் பவர்' என்று பெயர் வைத்து விற்றது. பிரான்சின் சித்ரோவென் அந்த உரிமையை வாங்கி 1932-இல் தன் கார்களில் போட்டது, அன்னப்பறவைச் சின்னத்தோடு. விளம்பரம் செய்து விற்ற அந்தச் சாமானைத்தான் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதைவிட வேடிக்கை, ரப்பருக்கு நாம் எங்கும் போக வேண்டாம். இந்தியாவில் அதிக ரப்பர் விளைவது இந்தக் கேரளத்தில்தான். ரப்பர் போர்டு இருப்பது கோட்டயத்தில். நான் ஊருக்குப் போகும் வழியில் களியக்காவிளை தாண்டினால் குமரி மாவட்டத்திலும் ரப்பர் மரங்கள்தான், கொடியில் துணி மாதிரி ரப்பர் ஷீட் காயும். ஓயாமல் வளைந்தாலும் சீக்கிரம் விண்டுபோகாது என்பதால் மவுண்டிங்குக்கு இயற்கை ரப்பர்தான் உகந்தது என்கிறார்கள். ஆனால் எண்ணெயும் சூடும் அதற்கு எமன். எஞ்சினில் சின்னதாக ஆயில் கசிந்து மவுண்டிங் மேல் சொட்டினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். கசிவை நிறுத்தாமல் புது மவுண்டிங் போடுவது வீண் செலவு.

இரண்டு மவுண்டிங் மாற்றி, கூலியோடு 6,800 ரூபாய். ஜாக்கிக்கும் ஆயில் சம்புக்கும் நடுவில் ஒரு பலகை வைத்து எஞ்சினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். போல்ட்டுகளைக் கடைசி முடுக்கு முடுக்குமுன் எஞ்சினைக் குலுக்கித் தானாக அமரவிட்டார். இழுத்த நிலையில் முடுக்கினால் புது ரப்பரும் முறுக்கிக்கொண்டு நடுங்குமாம். பாதி விலைக்கு டூப்ளிகேட் கிடைக்கிறதே என்று கேட்டேன். "அது கல்லு சார், ரப்பர் இல்ல" என்றார்.

எல்லா நடுக்கமும் மவுண்டிங் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து ஆடினால், எஞ்சின் விளக்கு எரிந்தால், கோளாறு எஞ்சினுக்குள்ளே. 80-இல் போகும்போது ஸ்டியரிங் ஆடினால் டயரைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் வண்டிக்குக் கொஞ்சம் நடுக்கம் பிறவிக் குணம். ஆனால் முள் அசையாமல் நிற்க, பாடி மட்டும் நடுங்கினால், இன்ஜெக்டர், கிளீனிங் என்று பர்சைத் திறக்குமுன் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வண்டியை விற்றுவிட்டுப் புதுசு வாங்கும் யோசனையும் அதற்கப்புறம்தான். என்னிடம் கார் லோன் கேட்டு வருபவர்களில் சிலருக்கு இதைச் சொல்ல ஆசைதான், மேனேஜர் கேட்டால் வேலை போய்விடும்.

நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். ஊரில் அப்பாவின் அம்பாசடரைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். இங்கே நமக்கு யார்? கண்ணாடிக் கதவு போட்ட இடத்துக்குப் போகிறோம், அரைகுறை மலையாளத்தில் சண்டை போடக் கூச்சப்பட்டு, நீட்டிய பில்லுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். வந்த முதல் மாதமே பள்ளிக்கூடம், பால்காரர், டாக்டர் என்று விசாரிக்கிறோமே, அந்தப் பட்டியலில் ஒரு கொட்டகை மெக்கானிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது வாட்ச்மேனிடம், ஆட்டோக்காரரிடம்.

போன தடவை அம்மாவை வம்படியாகக் காரிலேயே கூட்டி வந்தேன். களியக்காவிளையில் வழக்கம்போல லாரி வரிசை. பத்து நிமிஷம் நின்றிருப்போம். பின் சீட்டிலிருந்து குரல்.

"ஏன்யா, வண்டிய அமத்திட்டியா? ஏசி போயிரப்போவுது."

மூன்றாவது மவுண்டிங்கை அண்ணாச்சி மாற்றவில்லை, இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று விட்டுவிட்டார். வருகிற நாலாம் சனிக்கிழமை மறுபடி கிளம்ப வேண்டும். கொட்டகைக்காரருக்கு என்று ஒரு கிலோ கடலைமிட்டாய் தனியாக வாங்கி வைத்திருப்பதாக அம்மா நேற்று போனில் சொன்னார்.